கனியின் இடது கால்

அக்டோபர் 6, ஞாயிறு

என் பெயர் சன்னாசி. இதை நானே எழுதினேன்.

வளர்மதி டீச்சர் இந்த நோட்டைக் கொடுத்தார். பால்வாடியில் சாயங்காலம் எங்களைப் போன்ற பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லித் தருகிறார். தினமும் ஏதாவது எழுதிக்கொண்டு வாருங்கள் தாத்தா, ஞாயிற்றுக்கிழமை பார்த்து டிக் போடுகிறேன் என்றார். என்ன எழுதுவது என்று கேட்டேன். நடந்ததை எழுதினால் போதும் என்றார்.

இவ்வளவு எழுதுவதற்குள் அடுப்பில் சோறு குழைந்துவிட்டது. பரவாயில்லை. பல்லுக்கு வேலை மிச்சம்.

அக்டோபர் 8, செவ்வாய்

பஸ் நிற்கும் இடத்தில் கோத்தகிரி என்று எழுதியிருக்கிறது. இத்தனை வருடம் அந்தப் பலகைக்குக் கீழே மழைக்கு ஒதுங்கியிருக்கிறேன். இன்றுதான் படித்தேன்.

அக்டோபர் 9, புதன்

முட்டைக்கோஸ் வாங்கினேன். தனி ஆளுக்கு முழுக் கோஸ் மூன்று நாள் வரும்.

அக்டோபர் 13, ஞாயிறு

டீச்சர் சிவப்பு மையில் டிக் போட்டார். அதைத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்திருந்தது.

சாயங்காலம் யோகு போன் செய்தான். யோகநாதன் என் ஒரே மகன். திருப்பூரில் பனியன் கம்பெனியில் மெஷின் பார்க்கிறான். அவன் மனைவி சுகந்தி. மகள் இரண்டாம் வகுப்பு. அவள் பெயரில் ஒரு கஷ்டமான எழுத்து வருகிறது. டீச்சர் அதை இன்னும் சொல்லித் தரவில்லை. அதுவரை கனி என்றே எழுதுகிறேன்.

தீபாவளிக்கு வருகிறீர்களா என்று கேட்டேன். இந்த வருடமும் முடியாது என்றான்.

"குளிருப்பா. கனிக்கு ஒத்துக்காது. சுகந்தி வேண்டாங்கறா."

அதுவும் உண்மைதான். முந்தின வருடம் கோடை லீவுக்கு வந்தார்கள். மூன்றாம் நாளே பிள்ளைக்கு மூச்சு இழுத்தது. விடிந்ததும் பஸ் ஏறிவிட்டார்கள். மே மாதத்திலேயே அப்படி என்றால் ஐப்பசியில் எப்படி. சுகந்தியும் குன்னூரில் பிறந்து வளர்ந்தவள்தான். அது இங்கிருந்து ஒரு மணி நேரப் பயணம். ஆனால் கீழே வாழ்க்கைப்பட்டுப் போனதில் உடம்பு வெயிலுக்குப் பழகியிருக்கும்.

பொங்கலுக்காவது வாருங்கள் என்றேன். பார்க்கலாம் என்றான்.

போனை வைத்துவிட்டு யோசித்தேன். குளிர்தான் தடை என்றால் அது பெரிய தடை இல்லை. குளிர் காலில்தான் ஏறும். இலங்கையிலிருந்து கப்பலில் வந்து இறங்கிய நாள் முதல் இந்த மலையில் வெறுங்காலோடு தேயிலைக்குக் கவாத்து வெட்டியவன் நான். எனக்குத் தெரியும். கால் சூடாக இருந்தால் உடம்பு முழுக்கச் சூடு.

எதிர் வரிசையில் செசிலி வாசற்படியில் உட்கார்ந்து சர்ச் விற்பனைக்குக் கம்பளித் தொப்பி பின்னிக்கொண்டிருந்தாள். தோட்டத்தில் கைக்குழந்தைகளை விட்டுப் போகும் பிள்ளை மடுவத்து ஆயாவாக இருந்தவள். நாங்கள் எல்லாரும் வேலைக்குப் போன காலத்தில் யோகுவுக்கு மூக்குத் துடைத்துவிட்டவள். அவளிடம் போய், சாக்ஸ் பின்ன எவ்வளவு நாள் ஆகும் என்று கேட்டேன்.

"யாரு பின்ன?"

"நான்தான்."

அவள் ஊசியைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "எழுத்துப் படிச்சீங்க. இப்ப பின்னல். அடுத்து என்னண்ணே, பரதநாட்டியமா?"

அக்டோபர் 17, வியாழன்

பின்னல் வகுப்பு தொடங்கியது. டீச்சர் கையைப் பிடித்து 'அ' எழுத வைத்ததைப் போல செசிலி செய்யவில்லை. நீ பார், செய், என்பதுதான் அவள் முறை. ஊசியில் நூலைச் சுற்றி இழுத்தால் ஒரு கண்ணி. அந்தக் கண்ணிக்குள் ஊசியை விட்டு அடுத்த கண்ணி. அவ்வளவுதான் என்றாள். அவ்வளவுதான் இல்லை.

கவாத்துக் கத்தி பிடித்த கை. எதைப் பிடித்தாலும் இறுக்கிப் பிடிக்கிறது. கண்ணிக்குள் ஊசி நுழைய மறுத்தது.

"அண்ணே, அது தேயிலைச் செடி இல்ல. வெட்ட வேண்டாம். ஊசி அழுவுது பாருங்க."

தண்ணீர் பிடிக்க வந்த பெண்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். நானும் சிரித்தேன். பல நாள் கழித்து வாசலில் இத்தனை பேர்.

அக்டோபர் 20, ஞாயிறு

அளவு எடுத்தேன். சாக்ஸுக்கு அளவுதான் முதல். போனில் கேட்டால் எதற்கு என்று கேட்பார்கள். சொல்லிவிட்டால் பிறகு என்ன இருக்கிறது.

யோகுவின் பழைய செருப்பு கட்டிலுக்கு அடியில் கிடந்தது. சுகந்தி அந்த மே மாதம் அவசரத்தில் விட்டுப்போன செருப்பு கதவுக்குப் பின்னால் இருக்கிறது. அதை நான் எடுத்து உள்ளே வைக்கவில்லை. பெண்பிள்ளை செருப்பு வாசல் பக்கம் இருந்தால் வீட்டில் ஆள் இருப்பது போலிருக்கும்.

கனியின் அளவும் இருக்கிறது. அவர்கள் வந்த சமயத்தில்தான் வாசற்படிக்குச் சிமெண்டு பூசினோம். காய்வதற்குள் கனி ஓடிவந்து கால் வைத்துவிட்டாள். இடது கால். சுகந்தி முதுகில் ஒன்று வைத்தாள். கொத்தனார் கரணையால் மெழுகிவிடுகிறேன் என்றார். நான் விடவில்லை. ஐந்து விரலும் அப்படியே இருக்கின்றன. மழை பெய்தால் அதில் தண்ணீர் நிற்கும். சிட்டுக்குருவி வந்து குடிக்கும்.

ஒரு கால் போதும். இன்னொரு காலும் அதே அளவுதானே.

அக்டோபர் 31, வியாழன். தீபாவளி

எண்ணெய் தேய்த்துக் குளித்தேன். என் மனைவி அழகம்மாவின் படத்துக்குப் புதுச் சேலையின் முந்தானையைத் தொட்டுக் காட்டுவது எங்கள் வழக்கம். சுகந்தி வந்திருந்தால் அவள் சேலை. இந்த வருடம் என் புது வேட்டியைக் காட்டினேன். அழகம்மா ஒன்றும் சொல்லியிருக்கமாட்டாள்.

பக்கத்து வீட்டிலிருந்து அதிரசம் வந்தது. செசிலியும் கறிக்குழம்பு கொடுத்தனுப்பினாள்.

யோகுவுக்கு நானே போன் செய்தேன். கனியிடம் கொடு என்றேன். பட்டாசு வெடிக்கப் போயிருக்கிறாள் என்றான். சுகந்தி? அவளும் கூடப் போயிருக்கிறாள் என்றான். அவன் பேசும்போது குரல் சுவரில் மோதித் திரும்பி வந்தது. சாமான் இல்லாத வீட்டில் பேசுவது போல. வெள்ளை அடிப்பதற்காகச் சாமானை வெளியே எடுத்து வைத்திருப்பார்கள். தீபாவளிக்கு வெள்ளை அடிப்பது நல்ல பழக்கம்.

நவம்பர் 5, செவ்வாய்

யோகுவின் சாக்ஸ் ஒன்று முடிந்தது. சாம்பல் நிறம். செசிலியிடம் காட்டினேன். அவள் அதற்குள் கையை விட்டுத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"குதிகால் எங்க?"

நான் குதிகாலை மறந்துவிட்டேன். கணுக்காலிலிருந்து விரல் வரை நேராகக் குழாய் போலப் பின்னியிருக்கிறேன்.

"இது சாக்ஸ் இல்லண்ணே. பிளாஸ்க்குக்கு உறை."

பிரித்தேன். பிரிப்பது சுலபம். ஒரு நுனியைப் பிடித்து இழுத்தால் இத்தனை நாள் வேலையும் சரசரவென்று வந்துவிடுகிறது. எழுத்தில் அப்படி இல்லை. தப்பாக எழுதினால் அடித்ததும் தெரிகிறது.

நவம்பர் 11, திங்கள்

குதிகால் பிடிபட்டது. பாதிக் கண்ணியை ஊசியில் சும்மா வைத்துவிட்டு மீதியை மட்டும் முன்னும் பின்னும் பின்ன வேண்டும். ஒரு சின்னத் தொட்டில் மாதிரி வரும். பிறகு சும்மா வைத்ததையும் சேர்த்துக்கொண்டு சுற்றிப் போகலாம். காத்திருக்கும் கண்ணி ஊசியிலிருந்து நழுவாமல் பார்த்துக்கொள்வதுதான் வித்தை என்றாள் செசிலி.

சந்தோஷத்தில் இரண்டு தடவை டீ போட்டேன். இரண்டாவது யாருக்கு என்று தெரியவில்லை. நானே குடித்தேன்.

நவம்பர் 17, ஞாயிறு

சாம்பல் ஜோடி முடிந்தது. சுகந்திக்கு மயில் கழுத்து நிறம். அதுவும் ஒரு கால் முடிந்தது. கனிக்குச் சிவப்பு. இங்கே கடையில் சிவப்பு தீர்ந்துவிட்டது என்றார்கள்.

செசிலியிடம் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் பின்னிக்கொண்டே இருந்தாள். பிறகு, குன்னூரில் நல்ல கம்பளிக் கடை இருக்கிறது, மேலே பள்ளிக்கூடத்துக்கு எதிரில், நீங்களே போய் வாங்குங்கள் என்றாள்.

"மூணரை மணிக்குப் போங்கண்ணே. அப்பத்தான் கடைக்காரர் இருப்பாரு."

நவம்பர் 19, செவ்வாய்

குன்னூர் போனேன். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் இடம் கிடைத்தது. வழியெல்லாம் படித்துக்கொண்டே போனேன். பாறை விழும் பகுதி. வளைவில் முந்தாதே. தேயிலைத் தூள் கிடைக்கும். சத்தம் போட்டுப் படித்திருக்கிறேன் போல. பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு இடம் போய்விட்டார்.

கடையைக் கண்டுபிடித்தேன். ஒரு பெண் இருந்தாள். கடைக்காரர் வந்துவிட்டாரா என்று கேட்டேன். காலையிலிருந்து நான்தான் இருக்கிறேன், என்ன வேண்டும் என்றாள். செசிலிக்கு வயதாகிறது. மறக்கிறாள்.

அப்போது எதிரே பள்ளிக்கூடம் விட்டது. பிள்ளைகள் எல்லாம் அரக்கு நிற ஸ்வெட்டரில் வந்தார்கள். நான் கடை வாசலில் நின்று பார்த்தேன். அதில் ஒரு பிள்ளை இடது காலைக் கொஞ்சம் உள்ளே திருப்பி வைத்து நடந்தாள். கனி அப்படித்தான் நடப்பாள். அழகம்மாவிடமிருந்து வந்தது. உலகத்தில் ஒருவரைப் போல ஏழு பேர் இருப்பார்கள் என்று சொல்வார்கள். அது சரிதான்.

ஒரு அம்மாள் குடை பிடித்து அந்தப் பிள்ளையை அழைத்துப் போனார். முகம் குடைக்குள் இருந்தது. நான் குனிந்து பார்க்கவில்லை. பிள்ளை திரும்பி யாருக்கோ கை காட்டினாள். எனக்குப் பின்னால் யாராவது நின்றிருக்க வேண்டும்.

ஷூவைக் கவனித்தேன். கனியின் கால் எனக்குத் தெரியும். தினமும் படியில் கையை வைத்து அளந்து பார்க்கிறேன். அந்தப் பிள்ளையின் கால் பெரியது. ஆகவே அது கனி இல்லை. திருப்பூரில் இருக்கும் பிள்ளை குன்னூரில் எப்படிப் பள்ளிக்கூடம் போகும். அதுவும் குளிர் ஒத்துக்கொள்ளாத பிள்ளை.

சிவப்பு நூல் வாங்க மறந்துவிட்டேன்.

நவம்பர் 20, புதன்

மழை.

நவம்பர் 21, வியாழன்

மழை.

நவம்பர் 22, வெள்ளி

நூல் கிடைத்ததா என்று செசிலி கேட்டாள். கடை பூட்டியிருந்தது என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். வேறு யாரையாவது பார்த்தீர்களா என்று கேட்டாள். யாரையும் பார்க்கவில்லை என்றேன்.

"சரி. நான் ஒண்ணும் கேக்கல," என்றாள். ஆனால் என் தட்டில் அவள் வீட்டு மீன் விழுந்தது.

நவம்பர் 24, ஞாயிறு

வகுப்புக்கு நோட்டைக் கொண்டுபோகவில்லை. மறந்துவிட்டேன் என்று டீச்சரிடம் சொன்னேன். செவ்வாய்க்கிழமைப் பக்கத்துக்கு டிக் வேண்டாம்.

இன்று அந்தக் கஷ்டமான எழுத்தைச் சொல்லித் தந்தார். ஷ். வீட்டுக்கு வந்து ஒரு பக்கம் முழுக்க எழுதினேன். கனிஷ்கா. கனிஷ்கா. கனிஷ்கா. கடைசியில் எழுதியது நன்றாக வந்திருக்கிறது.

டிசம்பர் 1, ஞாயிறு

யோகு பேசினான். கனி கால் எவ்வளவு நீளம், ஸ்கேல் வைத்து அளந்து சொல் என்றேன். எதற்கு என்று கேட்டான். சும்மா என்றேன்.

சத்தமே இல்லை. லைன் போய்விட்டது என்று நினைத்தேன்.

"பழைய அளவே இருக்கும்பா," என்றான்.

பிள்ளைகளின் கால் வளரும் என்பது பெற்றவனுக்குத் தெரியாமல் இருக்காது. வேலையில் கவனம் போயிருக்கும். அவளையே கேட்டுச் சொல் என்றேன். சரி என்று வைத்துவிட்டான். வைக்கும் முன் அவன் பக்கம் மழை, லைன் சரியில்லை என்று சொன்னான். டீக்கடை டிவியில் திருப்பூரில் வெயில் என்றார்கள். டிவியில் சொல்வதெல்லாம் நிஜமா.

டிசம்பர் 13, வெள்ளி. கார்த்திகை

வாசற்படியில் விளக்கு வைத்தேன். கனியின் காலில் எண்ணெய் சிந்தாமல் கொஞ்சம் தள்ளி வைத்தேன். சுடர் காற்றுக்கு ஆடும்போது அந்தக் கால் அசைவது போலிருந்தது. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பொரி உருண்டையை நானே தின்றேன்.

டிசம்பர் 22, ஞாயிறு

இதை எழுத மூன்று நாள் ஆனது. ஆனால் நடந்தது ஞாயிற்றுக்கிழமை. அதனால் ஞாயிறு என்றே போட்டிருக்கிறேன்.

மதியம் வாசலில் நிழல் விழுந்தது. யோகு. தனியாக நின்றான். இளைத்திருந்தான். நான் அவனுக்குப் பின்னால் பாதையைப் பார்த்தேன். பஸ்ஸிலிருந்து மெதுவாக இறங்கி வருவார்கள் என்று.

"நான் மட்டும்தாம்பா," என்றான்.

சோறு வடித்தேன். தக்காளி ரசம். அவன் தட்டைப் பார்த்தே சாப்பிட்டான். சாப்பிட்ட பிறகு பெட்டியிலிருந்து சாம்பல் ஜோடியை எடுத்து வந்தேன். நானே பின்னினேன் என்றேன். அவன் நம்பவில்லை. ஆயிரக்கணக்கில் மெஷினில் துணி ஓட்டுகிறவன். கண்ணியை விரலால் நீவிப் பார்த்தான். காலை நீட்டச் சொன்னேன். வேண்டாம்பா, நீங்கள் போய் என் காலைத் தொடுவதா என்றான். சின்ன வயதில் இந்தக் காலில் எத்தனை அட்டை பிடுங்கியிருப்பேன். நீட்டு என்றேன்.

ஒரு காலுக்குப் போட்டுவிட்டு அடுத்த காலை எடுக்கும்போது சொன்னான்.

"சுகந்தி குன்னூர்ல இருக்காப்பா. ஆனி மாசமே போயிட்டா. கனி அங்கதான் படிக்குது."

நான் இரண்டாவது சாக்ஸை நுழைத்துக்கொண்டிருந்தேன்.

"குடிச்சேன்பா. தெனமும். புள்ள முன்னாடி அசிங்கமாப் பேசியிருக்கேன். இப்ப நிறுத்திட்டேன். கார்த்திகையோட நாலு மாசம். அவ நம்ப மாட்டேங்கறா. அவ நம்பாதது சரிதான். உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு குளிரு குளிருன்னே..."

அவன் அழுதான். நான் குதிகாலைச் சரிசெய்தேன். அளவு நன்றாகப் பொருந்தியிருந்தது.

உள்ளே போய் டீ போட்டேன். இரண்டு டம்ளர்.

கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டான். "நீங்க அங்க போயிராதீங்கப்பா. நான் அனுப்புனதா நெனைப்பா. இருக்கறதும் கெட்டுடும்."

அதுவும் எனக்குத் தெரியும். பெண் கோபித்துக்கொண்டு தாய்வீட்டில் இருக்கும்போது மாமனார் போய் நின்றால் அது பஞ்சாயத்து. இரண்டு பக்கமும் ஆள் கூட வேண்டும், பேச வேண்டும், வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று ஆகும். எங்கள் ஆட்களில் அப்படிக் கூடி நல்லபடியாக முடிந்ததை நான் அதிகம் பார்த்ததில்லை.

சாக்ஸைக் கழற்றாமலே செருப்பு மாட்டிக்கொண்டு போனான்.

டிசம்பர் 25, புதன்

செசிலி கேக் கொண்டுவந்தாள். காலனியில் எல்லாருக்கும் தெரியுமா என்று கேட்டேன். ஆமாம் என்றாள். எப்போதிலிருந்து என்று கேட்டேன். கேக்கைச் சாப்பிடுங்கள் என்றாள்.

அன்றைக்கு அந்தப் பிள்ளை யாருக்குக் கை காட்டியது என்று நினைத்துப் பார்த்தேன். கடை வாசலில் எனக்குப் பின்னால் சுவர்தான் இருந்தது.

ஜனவரி 3, வெள்ளி

கனிக்குப் பின்னத் தொடங்கிவிட்டேன். சிவப்பு கிடைத்தது. செசிலி சர்ச் விற்பனையில் மீந்த சிவப்புத் தொப்பியைப் பிரித்துக் கொடுத்தாள். பிரித்த நூல் சுருட்டை சுருட்டையாக இருந்தது. நனைத்துக் கல்லைக் கட்டித் தொங்கவிட்டோம்.

படியில் கையை வைத்து அளந்தேன். செசிலி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, அது போன வருஷத்துக்கு முந்தின காலு. புள்ள வளந்திருக்கும்."

"எவ்வளவு வளந்திருக்கும்?"

"நான் எப்படிச் சொல்ல?"

"அப்ப தெரிஞ்ச அளவுலதானே பின்ன முடியும்."

ஜனவரி 10, வெள்ளி

செசிலியோடு சண்டை. நான் போகக் கூடாது, மகன் சொல்லியிருக்கிறான், வழக்கமும் இல்லை என்றேன். தபாலில் அனுப்பிவிடுகிறேன், விலாசம் நானே எழுதுவேன் என்றேன்.

"பஞ்சாயத்துக்கா போறீங்க? சாக்ஸ் குடுக்கப் போறீங்க."

மாமனார் போய் நின்றால் யாரும் சாக்ஸைப் பார்க்க மாட்டார்கள் என்றேன்.

அவள் கோபத்தில் எழுந்து போனாள். தன் வீட்டு வாசலுக்குப் போய் அங்கிருந்தே கேட்டாள். "காணும் பொங்கல்னு ஒரு நாளு எதுக்குண்ணே வச்சிருக்காங்க?"

ஜனவரி 14, செவ்வாய். பொங்கல்

சின்னச் சட்டியில் பொங்கல் வைத்தேன். பொங்கியது. பொங்கலோ பொங்கல் என்று மெதுவாகச் சொன்னேன். தனியாகக் கத்தினால் நன்றாக இருக்காது. எதிர் வரிசையிலிருந்து செசிலி பதிலுக்குச் சொன்னாள்.

சிவப்பு ஜோடி முடிந்தது. படியில் வைத்துப் பார்த்தேன். அச்சுக்கு அச்சு.

ஜனவரி 16, வியாழன். காணும் பொங்கல்

போனேன்.

கரும்பு இரண்டு, மஞ்சள் கொத்து, வாழைப்பழம், இரண்டு ஜோடி சாக்ஸ். பொங்கல் சீர் பெண் வீட்டார்தான் கொண்டுபோவார்கள். மாமனார் கரும்பைத் தோளில் வைத்துக்கொண்டு மருமகளின் தாய்வீட்டுப் படி ஏறுவதை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். பஸ்ஸில் கண்டக்டர் கரும்புக்குத் தனி டிக்கெட் என்று கேலி செய்தார். பையில் இந்த நோட்டும் பென்சிலும்கூட இருந்தன. எதற்கு வைத்தேன் என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை.

சம்பந்தியம்மாள் கதவைத் திறந்தார். என்னைப் பார்த்ததும் எனக்குப் பின்னால் பார்த்தார். யோகு இருக்கிறானா என்று. நான் மட்டும்தான் என்றேன். காணும் பொங்கல், பெரியவர்கள் வீட்டுக்கு வரலாமல்லவா, பிள்ளையைப் பார்த்துவிட்டுப் போகிறேன் என்றேன். அவர் ஒதுங்கி வழிவிட்டார். வாருங்கள் என்று வாயால் சொல்லவில்லை. சம்பந்தி நாற்காலியில் இருந்தார். டிவி சத்தத்தைக் குறைக்கவில்லை.

சுகந்தி தண்ணீர் கொண்டுவந்தாள். "வாங்க மாமா," என்றாள். குரலில் ஒன்றும் இல்லை, நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. கழுத்தில் தாலி இருந்தது. பார்க்கக் கூடாது என்று நினைத்தும் பார்த்துவிட்டேன்.

நான் தண்ணீரைக் குடித்தேன். மகனைப் பற்றி ஒரு வார்த்தை எடுக்கவில்லை. எடுத்தால் அது பஞ்சாயத்து. வேறு என்ன பேசுவது என்று தெரியாமல், நான் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டேன் என்று சொன்னேன். சம்பந்தி திரும்பிப் பார்த்தார். நிஜமாகவா என்றார். சுவரில் இருந்த காலண்டரைப் படித்துக் காட்டினேன். அப்போதுதான் அவர் டிவியைக் குறைத்தார்.

கனி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உயரமாகிவிட்டாள். முன்பல் ஒன்று விழுந்திருக்கிறது. வா என்று கூப்பிட்டேன். வரவில்லை. அங்கிருந்தே சொன்னாள்.

"நீங்க ஸ்கூல்கிட்ட வந்தீங்கல்ல? நான் கை காட்டுனேன். நீங்க பாக்காத மாதிரி போயிட்டீங்க."

வீட்டில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். சம்பந்தியம்மாள் உட்பட.

"தாத்தாவுக்கு அப்ப கண்ணு தெரியலம்மா," என்றேன்.

"இப்ப தெரியுதா?"

"இப்ப தெரியுது."

அவள் வந்து என் பக்கத்தில் நின்றாள். நான் பையிலிருந்து எடுத்தேன். மயில் கழுத்து ஜோடியைச் சுகந்தியிடம் கொடுத்தேன். அவள் வாங்கிக்கொண்டு குதிகாலைத் திருப்பிப் பார்த்தாள். யார் பின்னினார்கள் என்று கேட்டாள். சொன்னேன். குளிருக்காக என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். சுகந்தி தரையைப் பார்த்தாள். குளிர் என்ற வார்த்தை எங்கே தொடங்கியது என்று அவளுக்குத் தெரிந்திருக்கும்.

கனி சிவப்பை மாட்டப் பார்த்தாள். விரல் போயிற்று. பாதி பாதம் போயிற்று. குதிகால் வர வேண்டிய இடம் உள்ளங்காலில் நின்றுவிட்டது. இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"தாத்தா, இது பாப்பாவுக்குப் பின்னுன சாக்ஸு."

"ஆமாம்மா. அந்தப் பாப்பா எங்க வீட்டு வாசல்ல கால் வச்சிட்டுப் போச்சு. அதான் அளவு."

சம்பந்தியம்மாள் உள்ளே போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் அடுப்படியில் எண்ணெய் காயும் மணம் வந்தது.

சுகந்தி மெதுவாகக் கேட்டாள். "அவருக்கும் பின்னுனீங்களா மாமா?"

"பின்னுனேன்."

"அளவு சரியா இருந்துச்சா?"

"சரியா இருந்துச்சும்மா. ஆளு கொஞ்சம் இளைச்சிருக்கான். காலு அப்படியேதான் இருக்கு."

அவள் மயில் கழுத்து ஜோடியை மேசைமேல் வைக்காமல் கையிலேயே வைத்திருந்தாள்.

இதைப் பிரித்து வேறு பின்னுகிறேன் என்று கனியிடம் சொன்னேன். அளவு வேண்டும். நோட்டை எடுத்து, சில பக்கம் தள்ளி, தரையில் விரித்தேன். கால் வை என்றேன். இடது காலை வைத்தாள். பென்சிலால் சுற்றி வரைந்தேன். சுண்டுவிரல் பக்கம் கூசுகிறது என்று துள்ளினாள். அதனால் அங்கே கோடு வெளியே ஓடியிருக்கிறது. பக்கம் போதவில்லை. கட்டைவிரல் நுனி காகிதத்தைத் தாண்டிவிட்டது. வரைந்த காலுக்குள் பெயர் எழுதினேன். ஷ் முதல் தடவையிலேயே சரியாக வந்தது. கனி குனிந்து படித்துப் பார்த்து, சரி என்றாள். டீச்சரின் டிக்கைவிட அது பெரியது.

வடை வந்தது. சாப்பிட்டேன். எழுந்தபோது சம்பந்தி செருப்பு மாட்டிக்கொண்டு பஸ் வரை கூட வந்தார். மழை குறைவு, தேயிலைக்கு நல்லதில்லை என்று மட்டும் சொன்னார்.

கிளம்பும்போது வாசலில் சுகந்தி நின்றாள். எப்போது முடியும் என்று கேட்டாள். நான் மெதுவாகத்தான் பின்னுவேன், நடுவில் குதிகால் வந்ததும் ஒரு தடவை போட்டுப் பார்க்க வேண்டும் என்றேன். அது உண்மைதான். செசிலியைக் கேட்டாலும் சொல்வாள்.

"ஞாயித்துக்கெழம வாங்க மாமா. அன்னிக்குக் கனிக்கு லீவு," என்றாள்.

ஜனவரி 17, வெள்ளி

செசிலி நோட்டை வாங்கிப் பார்த்தாள். வலது கால் எங்கே என்று கேட்டாள். வரைய மறந்துவிட்டேன் என்றேன். ரெண்டு காலும் ஒரே அளவுதானே அண்ணே என்றாள்.

"அது எப்படிச் சொல்ல முடியும்," என்றேன்.

அவள் சிரித்தாள். சிவப்பு ஜோடியை அவள் பிடித்துக்கொள்ள நான் நூல் நுனியை இழுத்தேன். எல்லாம் வந்துவிட்டது.

வெயில் இறங்கியதும் யோகுவுக்குப் போன் செய்தேன். சாக்ஸ் போட்டிருக்கிறாயா என்று கேட்டேன். போட்டிருக்கிறேன் என்றான். திருப்பூர் வெயிலில் எதற்கடா என்றேன். கழற்றத் தோன்றவில்லை என்றான். சுகந்தி உன் கால் அளவைக் கேட்டாள் என்று சொன்னேன். வேறு எதுவும் சொல்லவில்லை. அவன் பக்கம் வெகுநேரம் சத்தமில்லை. இந்தத் தடவை லைன் போய்விட்டது என்று நான் நினைக்கவில்லை. காத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு வரமாட்டேன் என்று டீச்சரிடம் சொல்ல வேண்டும்.

அடுத்து வரும் இடது பக்கத்தில் கனியின் கால் இருக்கிறது. அதற்கு எதிர்ப் பக்கம் வெறுமையாக இருக்கிறது. அங்கே நான் ஒன்றும் எழுத மாட்டேன்.